இரகசியம் காப்பதா, காவல்துறைக்குச் சொல்வதா?

நம்பிச் சொல்லப்படும் இரகசியம் அமானிதம். சமூகப் பணித் துறையும் இதையே சொல்கிறது. பெலிக்ஸ் பீஸ்டெக் 1957இல் தம் நூலில் வகுத்த ஏழு நெறிகளில் இரகசியம் காப்பதும் ஒன்று.

ஆனால் 14 வயதுச் சிறுமி ஒருத்தி, உறவினர் ஒருவர் தன்னிடம் தவறாக நடப்பதைச் சொல்லிவிட்டு, "அக்கா, உம்மாகிட்டகூட சொல்லிடாதீங்க" என்று அழுதால்?

நம் நாட்டில் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் இதற்கு விடை சொல்லிவிட்டது. 18 வயதுக்குட்பட்டோர் மீதான பாலியல் குற்றத்தை அறிந்தவர் எவரும் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும் (பிரிவு 19). தவறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். ஜமாஅத்தில் பேசி முடித்தாலும் இக்கடமை நீங்காது. குடும்ப மானம் என்பார்கள்; மானம் இழந்தவன் குற்றம் செய்தவனே, பிள்ளை அல்ல.

சட்டம் தெளிவுதான். சிறுமியின் மனம்தான் சிக்கல், "நம்பினேனே" என்பாள். ஆகவே காப்பாற்ற முடியாத வாக்கை முதலிலேயே கொடுக்கக் கூடாது. "உனக்கு ஆபத்து என்றால் மட்டும் உதவக்கூடியவர்களிடம் சொல்வேன்" என்று பேச்சின் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். புகார் கொடுக்குமுன் யாரிடம், ஏன் சொல்கிறோம் என்று அவளுக்கு விளக்க வேண்டும். மற்றவர்களிடம் அவள் பெயர், பள்ளி, தெரு எதுவும் போகக் கூடாது. வாட்ஸ்அப் குழுவில் ஜாடையாகக்கூட.

காவல் நிலையம் என்றாலே பெற்றோர் அஞ்சுகிறார்கள். 1098க்கு அழைத்தும் உதவி பெறலாம். வாக்குமூலத்தைச் சிறுமியின் வீட்டிலோ அவள் விரும்பும் இடத்திலோ, இயன்றவரை பெண் அதிகாரியே, சீருடையின்றிப் பதிய வேண்டும் என்கிறது பிரிவு 24. இதைப் பெற்றோர் கேட்டுப் பெறலாம்.