வெள்ளைக்கழிச்சலின் இன்னொரு வரலாறு

மாசி பிறந்தாலே அறந்தாங்கிப் பக்கம் கோழி வளர்ப்பவர்களுக்கு வயிற்றில் புளி கரைக்கும். இரவு பஞ்சாரத்தில் கவிழ்த்த சேவல், விடியும்போது கழுத்தைத் திருகிக்கொண்டு வெள்ளையும் பச்சையுமாகக் கழிந்து கிடக்கும். மிச்சக் கோழிகளை வந்த விலைக்குத் தள்ளிவிடுவார்கள். நோயும் சந்தை வழியாக அடுத்த ஊருக்குப் போய்ச் சேரும். கால்நடை ஆய்வாளராக, ராணிப்பேட்டைத் தடுப்பூசியை ஐஸ் போட்ட பிளாஸ்க்கில் தூக்கிக்கொண்டு ஆவுடையார்கோயில் வரை சைக்கிள் மிதித்திருக்கிறேன். மருந்து கண்ணில் தெறித்தால் கண் சிவந்து நீர் வடியும், சில நாளில் சரியாகும். மனிதனிடம் கழிச்சல் வைரஸின் வீரம் பெரும்பாலும் அவ்வளவுதான்.

1926இல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் தலைகாட்டிய நோய் இது. அப்புறம் குமாவோன் மலை ராணிக்கெட்டில் தென்பட்டு, அந்த ஊர்ப் பெயரோடுதான் நம்மிடம் வந்தது.

1971இல் லாஸ்லோ சாட்டரி என்ற ஹங்கேரிய மருத்துவர் லான்செட் இதழில் ஒரு கோழிப் பண்ணைக்காரரைப் பற்றி எழுதினார். பண்ணையில் கழிச்சல் பரவியது. அவருடைய இரைப்பைப் புற்றோ சுருங்கியது. ஒற்றை ஆளின் கதையை நம்பி வைத்தியம் பார்க்க முடியாது. ஆனால் இப்படி நடக்கக் காரணம் உண்டு. நல்ல செல் இன்டர்ஃபெரான் சுரந்து வைரஸை மடக்கும். பல புற்றுச் செல்களில் அந்தக் காவல் பழுது. 2002இல் வெளிவந்த அமெரிக்கச் சோதனையில் 79 பேருக்கு இந்த வைரஸை ரத்தத்தில் ஏற்றினார்கள். கட்டி நன்றாகச் சுருங்கியது வெகு சிலருக்கே.

2014இல்தான் விஷயம் பிடிபட்டது என்பேன். நியூயார்க்கில் திமித்ரி ஸமாரின் குழு, எலியின் ஒரு விலாவிலிருந்த மெலனோமா கட்டியில் மட்டும் வைரஸைச் செலுத்தியது. கூடவே, நோய் எதிர்ப்புச் செல்களின் சிடிஎல்ஏ-4 தடையை விலக்கும் மருந்து. ஊசியே படாத மறுவிலாக் கட்டியும் கரைந்தது. வைரஸ் அங்கே எட்டிப் பார்க்கக்கூட இல்லை. வைரஸ் தண்டோரா போட்டு ஆளைக் கூட்டுகிறது, மருந்து அந்த ஆட்களின் கைக்கட்டை அவிழ்க்கிறது.

மனிதரிடம் இந்தக் கூட்டு, வேறொரு வைரஸைக் கொண்டுதான் முன்னேறியது. மாற்றியமைத்த ஹெர்பிஸ் வைரஸான டி-வெக்குக்கு 2015இல் அமெரிக்கா அனுமதி தந்தது. அதோடு, சிடிஎல்ஏ-4 தடையை விலக்கும் இப்பிலிமுமாப் சேர்த்த 2017ஆம் ஆண்டுச் சோதனையில் 39 சதவீதத்தினருக்குக் கட்டி சுருங்கியது. இப்பிலிமுமாப் மட்டும் பெற்றவர்களில் 18 சதவீதம். ஆனால் வேறொரு தடையை விலக்கும் பெம்ப்ரொலிசுமாப்போடு சேர்த்த பெரிய சோதனை கைகொடுக்கவில்லை. எந்த மருந்தைக் கூட்டுவது என்பது இன்னும் இழுபறிதான்.

இதையெல்லாம் டீக்கடையில் சொன்னபோது ஒரு பெரியவர், "அப்ப அந்தக் கோழி ஊசியையே எங்க அக்காவுக்குப் போடலாமா தம்பி?" என்றார். வேண்டவே வேண்டாம் அய்யா என்று கையைப் பிடித்துக்கொண்டேன். பிப்ரவரித் தடுப்பூசி முகாமில் போடுவது கோழிக்கு. அக்காவை அடையாறு புற்றுநோய் மையத்துக்குக் கூட்டிப் போங்கள். 1954இல் அதைத் தொடங்கிய முத்துலட்சுமி ரெட்டி நம்ம புதுக்கோட்டையில் பிறந்தவர்தான் என்றேன்.