தாதியர் ஒழுங்கும் தாதியர் மனச்சுமையும்

விடிவதற்கு முன்னரே, நோயாளியொருவர் அப்பொழுதுதான் சற்றே கண்ணயர்ந்திருக்கும் வேளையில், பயிலும் தாதியொருத்தி அவரை எழுப்பி முகங்கழுவி விடுகின்றாள். வைத்தியர்கள் வருமுன் எல்லா நோயாளரின் முகமும் கழுவப்பட்டிருத்தல் வேண்டும் என்பது விதி. அவரை உறங்கவிடுவதே நன்று என்பதை அவளும் அறிவாள், ஆயினும் எழுப்புகின்றாள். 1950களின் பிற்பகுதியில் இலண்டன் மாநகரின் போதனா வைத்தியசாலையொன்றில் ஆய்வாளர் கண்ட வழக்கம் இது.

இவ்வொழுங்கின் வேரைத் தேடுவோர் நூறாண்டு பின்னோக்கிச் செல்லல் வேண்டும். புளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையார் 1854ஆம் ஆண்டு நவெம்பர் மாதத்தில் 38 பெண்களுடன் ஸ்கூட்டாரி இராணுவ வைத்தியசாலையை அடைந்தபோது, தாதித் தொழிலுக்கு இங்கிலாந்தில் நற்பெயர் இருக்கவில்லை. குடிப்பழக்கமுடையோர், வேறு பிழைப்பற்றோர் என்றே தாதியர் இகழப்பட்டனர். அவ்விழிசொல்லைத் துடைக்க அம்மையார் கையாண்ட கருவி கண்டிப்பு. 1860இல் புனித தோமஸ் வைத்தியசாலையில் அவர் பெயரால் தொடங்கிய பயிற்சிப் பாடசாலையில் நேரந்தவறாமை, அமைதி, நம்பகம், உடைத்தூய்மை ஆகியன பற்றி ஒவ்வொரு மாணவியைக் குறித்தும் மாதந்தோறும் பதிவு எழுதப்பட்டது. அக்காலத்திற்கு அது தேவையான கண்டிப்பே. அதனாலன்றோ தாதித் தொழில் மதிப்புற்றது!

ஆனால், காரணம் மறைந்த பின்னரும் கண்டிப்பு நிலைத்தது. தவிஸ்ரொக் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த இசபெல் மென்சீஸ் அம்மையார் முற்கூறிய இலண்டன் வைத்தியசாலையை ஆராய்ந்து 1960ஆம் ஆண்டளவில் தம் முடிவுகளை வெளியிட்டார். அங்கு சுமார் 700 தாதியர் கடமையாற்றினர். அவருள் பயிற்சி முடித்தோர் ஏறக்குறைய 150 பேர், ஏனையோர் மாணவியர். நோயாளரைப் பராமரிக்கும் பளுவின் பெரும்பகுதி அம்மாணவியர் தோள்களிலேயே இருந்தது. அவர்களுள் சுமார் மூன்றிலொரு பங்கினர் பயிற்சியை முடிக்காமலே விலகினர்.

வலியும் சாவும் சூழ்ந்த இடத்தில் பதகளிப்பு எழுவது இயல்பு. அப்பதகளிப்பைத் தடுக்கவே அவ்வைத்தியசாலையின் நடைமுறைகள் யாவும் தம்மையறியாது உருவாகியிருந்தன என்பது அம்மையாரின் முடிபு. ஒரு தாதி ஒரு நோயாளியிடம் நிலைத்துப் பற்றுக்கொள்ளாதவாறு வேலை சிறுசிறு கடமைகளாகப் பிரிக்கப்பட்டது. நோயாளியின் பெயர் மறைந்து, “பத்தாங் கட்டிலின் ஈரல்”, “பதினைந்தாங் கட்டிலின் நிமோனியா” என்ற வழக்கு நிலவியது. மாணவியர் குறுகிய அறிவித்தலில் விடுதிக்கு விடுதி மாற்றப்பட்டனர். சிறு முடிவும் மேலுள்ளவரிடமே சென்றது. ஒவ்வொரு படியினரும் தமக்குக் கீழுள்ளோரைப் பொறுப்பற்றோர் என்றனர்.

இத்துணை அரணும் பயன் தந்ததா எனின், இல்லை. அச்சம் குறையவில்லை, வேலையின் இன்பமே குறைந்தது. தன் கையால் ஒருவர் நலமடைந்தார் என்னும் நிறைவை அறியாத மாணவிக்குச் சிறு பிழைக்கும் கிடைத்தது கண்டனமே. தலைமைத் தாதியர் கல்நெஞ்சினர் அல்லர். மாணவியர் துயரை எண்ணி அவரும் வருந்தினர். ஆறுதல் கூறுவது தம் பதவிக்குப் பொருந்தாது என்னும் மரபே அவர் நாவைக் கட்டியது. தாம் வளர்க்கப்பட்ட முறையிலேயே அவர்கள் பிறரை வளர்த்தனர். இவ்வாய்வின் உருக்கமான பகுதி இதுவே எனலாம்.

மன்செஸ்ரர்ப் பகுதி வைத்தியசாலைகளை ஒப்பிட்டு ஆராய்ந்த றெஜ் றெவன்ஸ் என்பார் 1964இல் வெளியிட்ட நூலில் இவ்விடயத்தை வேறொரு பக்கத்திலிருந்து அணுகினார். மாணவியர் விலகுதல், தாதியர் நோயுறுதல், பொறுப்புத் தாதியர் அடிக்கடி மாறுதல், நோயாளர் நெடுநாள் தங்குதல் ஆகியன ஒன்றோடொன்று தொடர்புற்றிருப்பதை அவர் காட்டினார். ஊழியர் நிலைத்து நின்ற வைத்தியசாலைகளிலிருந்து நோயாளரும் விரைவில் வீடு திரும்பினர். இவ்வேறுபாட்டிற்குரிய காரணத்தை அவர் கட்டடத்திலோ கருவிகளிலோ தேடவில்லை. தன்னிடம் கேள்வி கேட்கும் மாணவிக்குப் பொறுப்புத் தாதி எவ்விதம் மறுமொழி சொல்கின்றாள் என்பதிலேயே தேடினார்.

இலண்டன் வைத்தியசாலையோ சில்லறை மாற்றங்கள் சிலவற்றை ஏற்றுக்கொண்டது. அடிப்படையை அசைக்கும் யோசனைகள் மேசையிலேயே கிடந்தன.