மாட்டு வயிற்றுக்குள் ஒரு மனிதர்

இங்கிலாந்து தேசத்தில் ஒரு புல்வெளி. கோடைக்காலம். மாடு ஒன்று அங்கே நின்றுகொண்டிருக்கிறது. மேயவில்லை, அசை போடவில்லை, வாலைக்கூட ஆட்டவில்லை. பக்கத்துப் புல்லில் கூடு கட்டியிருக்கும் சிறு குருவி அதை ஒரு கணம் உற்றுப் பார்க்கிறது. ‘மாடுதானே!’ என்று குஞ்சுகளுக்கு இரை ஊட்டப் போய்விடுகிறது. மாட்டின் உடம்பில் ஒரு துவாரம். துவாரத்துக்குப் பின்னே காமிராவின் கண். அதற்கும் பின்னே, மாட்டின் வயிற்றுக்குள், வியர்வை வழிய, கால் மரத்துப்போய், மூச்சை அடக்கிக்கொண்டு ஒரு மனிதர்.

நான் கதை எழுதிப் பிழைக்கிறவன். ஆகவே இதையும் நான் கட்டிவிட்டதாக வாசகர்கள் எண்ணிவிடக் கூடாது. சுமார் 1900-ஆம் ஆண்டில் ரிச்சர்ட் கியர்ட்டன், செர்ரி கியர்ட்டன் என்ற இரு சகோதரர்கள் உண்மையாகவே செய்த காரியம் இது. பறவைகளைப் படம் பிடிப்பது இன்று உலகமெங்கும் லட்சக்கணக்கானவர்களுக்குப் பொழுதுபோக்கு. அந்தப் பொழுதுபோக்குக்குப் பிள்ளையார் சுழி போட்டவர்களில் இவ்விருவருக்கும் முக்கியமான இடம் உண்டு.

அதற்கு முன்பு பறவைகளிடம் ஆசை வைத்தவர்கள் என்ன செய்தார்கள்? சுட்டார்கள். அமெரிக்கப் பறவைகளை மிகப் பெரிய தாள்களில் அற்புதமாக வரைந்த ஆடுபான், முதலில் பறவையைச் சுட்டு வீழ்த்துவார். பிறகு கம்பியைச் செருகி உயிருள்ளது போல் நிறுத்திவைத்து வரைவார். நம் தேசத்திலேயே காங்கிரஸ் மகாசபைக்கு வித்திட்ட ஹ்யூம் துரை, சிம்லாவில் தம் பங்களாவில் அறுபதாயிரத்துக்கு மேற்பட்ட பறவைத் தோல்களையும், பல்லாயிரம் முட்டைகளையும் சேர்த்து வைத்திருந்தார். 1885-ல் அவற்றை லண்டன் மியூஸியத்துக்குக் கொடுத்துவிட்டார். காங்கிரஸ் பிறந்ததும் அதே வருஷந்தான். அவர் கொடியவர் அல்லர். அந்தக் காலத்தில் பறவையை நன்றாக அறிந்தவர் என்றால் நன்றாகச் சுடத் தெரிந்தவர் என்றுதான் பொருள்.

கியர்ட்டன் சகோதரர்களும் அந்த உலகத்தில் பிறந்தவர்களே. யார்க்‌ஷயர் மலைப்பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஆட்டுமந்தைகளின் நடுவே வளர்ந்தவர்கள். அண்ணன் ரிச்சர்ட் 1862-ல் பிறந்தவர். தம்பி செர்ரி 1871-ல். அண்ணன் சிறு பிள்ளையாக இருந்தபோது கூடு தேடி மரம் ஏறி விழுந்தார். இடுப்பு பிசகியது. சரியான வைத்தியம் இல்லாமல் ஆயுள் முழுவதும் கால் தாங்கி நடக்கும்படி ஆயிற்று. ஆனாலும் காட்டுக்கோழி மாதிரி குரல் கொடுப்பதில் அவருக்கு இணை கிடையாது. லண்டனிலிருந்து காட்டுக்கோழி வேட்டைக்கு வந்த பதிப்பாளர் ஒருவர் அந்தத் திறமையைப் பார்த்து அசந்துபோய்த் தம் கம்பெனியிலேயே உத்தியோகம் கொடுத்து அழைத்துப் போனார். துப்பாக்கிக்கு எதிரே பறவையை வரவழைத்துக் கொடுத்ததற்காகக் கிடைத்த வேலை! பிற்பாடு அந்த மனிதர் செய்த காரியத்தை நினைத்தால் விதியின் விளையாட்டு என்றுதான் சொல்லத் தோன்றுகிறது.

சில வருஷங்களில் தம்பியும் அதே கம்பெனிக்கு வந்து சேர்ந்தார். 1892-ஆம் வருஷம் ஏப்ரல் 10-ந் தேதி, லண்டனுக்கு அருகே ஒரு புதரில், பாட்டுப் பாடும் திரஷ் குருவியின் கூட்டை அண்ணன் காட்ட, தம்பி முட்டைகளோடு அதைப் படம் பிடித்தார். பார்த்ததும் அண்ணனுக்குப் பொறி தட்டியது. கூட்டை எடுத்து வராமலே கூட்டை வீட்டுக்குக் கொண்டுவர முடியும் போலிருக்கிறதே! மூன்றே வருஷத்தில், 1895-ல், பிரிட்டிஷ் பறவைகளின் கூடுகளைப் பற்றிய புத்தகம் வெளிவந்தது. முழுக்க முழுக்கப் புகைப்படங்களையே சித்திரமாகக் கொண்ட முதல் இயற்கை நூல் என்று அதைச் சொல்கிறார்கள்.

ஏன் கூடு, ஏன் முட்டை என்று கேட்கலாம். அந்தக் காலத்துக் காமிரா மரப்பெட்டி. மூன்று கால் தாங்கி. படம் விழுவது கண்ணாடித் தகட்டில். பறக்கிற பறவையை அது என்ன செய்ய முடியும்? முட்டை அசையாது, குஞ்சு ஓடாது. தாய்ப்பறவை எங்கே போனாலும் கூட்டுக்குத் திரும்பி வந்தே தீரும். ஆகவே கூட்டுக்குப் பக்கத்தில் காத்திருப்பதுதான் வழி. ஆனால் மனிதன் நிற்கிற இடத்துக்குப் பறவை வருமா? இந்த ஒரு கேள்வியிலிருந்துதான் மற்றதெல்லாம் பிறந்தது.

ஒளிய வேண்டும். எதற்குள் ஒளிவது? சகோதரர்கள் பொய் மரத்தண்டு செய்தார்கள். பொய்ப் பாறை செய்தார்கள். வயல்வெளியில் ஆடுமாடுகளைக் கண்டு பறவைகள் அஞ்சுவதில்லை என்று கவனித்து, பாடம் பண்ணுகிற ஆசாமியிடம் சொல்லி, உள்ளே கூடாக ஒரு மாடே செய்துகொண்டார்கள். அதற்குள் ஒருவர் போய் நின்றுகொள்ள வேண்டியது. ஒரு தடவை உள்ளே நின்றவருக்கு மணிக்கணக்கில் நின்று நின்று தலை கிறுகிறுத்துவிட்டது. மாடு அப்படியே சாய்ந்தது. நான்கு கால்களும் வானத்தைப் பார்த்தன. உடன்பிறந்தவர் வந்து மீட்கிற வரையில் உள்ளே இருந்தவர் மல்லாந்தபடியே கிடந்தாராம். இன்னொரு படத்தில் அண்ணனின் தோள்மீது தம்பி ஏறி நின்று, ஆளுயரத்துக்கு மேலே இருக்கும் கூட்டை நோக்கிக் காமிராவைத் திருப்பிக்கொண்டிருக்கிறார். ஊனமுற்ற காலோடு கீழே நிற்கிற அந்த அண்ணனைப் பார்க்கும்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இவர்களுக்குப் பின் வந்தவர்கள் மாட்டை விட்டுவிட்டுத் துணிக் கூண்டுக்கு மாறினார்கள். நான்கு கழி, ஒரு முரட்டுத் துணி, பார்க்க ஒரு துவாரம். பறவை ஏமாறாமல் இருந்தால் அதற்கும் ஒரு தந்திரம் உண்டு. இரண்டு பேராகக் கூண்டுக்குப் போவார்கள். சற்று நேரத்தில் ஒருவர் மட்டும் எல்லோரும் பார்க்க வெளியே வந்து நடந்து போய்விடுவார். பறவைக்குக் கண் கூர்மையானதே தவிரக் கணக்கு வராது. மனிதன் வந்தான், மனிதன் போய்விட்டான். விஷயம் தீர்ந்தது என்று கூட்டுக்கு வந்துவிடும். இதைப் படித்தபோது எனக்குச் சற்று வெட்கமாகத்தான் இருந்தது. குழந்தையை ஏமாற்றிவிட்டுச் சினிமாவுக்குப் போகிற பெற்றோரின் நினைவு வந்தது.

எல்லாப் பறவையும் ஏமாறுவதில்லை. எரிக் ஹாஸ்கிங் என்ற இளைஞர் 1937-ல் வேல்ஸ் நாட்டில் ஆந்தை ஒன்றைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். இருட்டில் தம் கூண்டுக்கு ஏறும்போது சத்தமில்லாமல் பறந்து வந்த ஆந்தை முகத்தில் அறைந்தது. நகம் இடது கண்ணில் பாய்ந்தது. பெனிசிலின் இன்னும் வைத்தியத்துக்கு வராத காலம். புரை ஏறி மற்றொரு கண்ணும் போய்விடுமோ என்ற பயத்தில் அந்தக் கண்ணை எடுத்துவிட்டார்கள். அப்போது அவருக்கு வயது 27. அதற்குப் பிறகு ஐம்பது வருஷத்துக்கு மேல், 1991-ல் காலமாகும் வரையில், ஒற்றைக் கண்ணோடு பறவைகளைப் படம் பிடித்துக்கொண்டே இருந்தார். 1970-ல் வெளியிட்ட சுயசரிதைக்கு ‘பறவைக்கு ஒரு கண்’ என்று பொருள்படும்படி பெயர் வைத்தார். பறவையைக் கண்டுகொள்ளும் கண் என்றும் கொள்ளலாம். பறவைக்குக் கொடுத்த கண் என்றும் கொள்ளலாம். ஆந்தையை அவர் நொந்துகொள்ளவில்லை. அவர் பக்கம் மட்டுமா நியாயம்? இருட்டில் தன் குஞ்சுகளை நோக்கி ஏறுகிற உருவத்தின் கையில் இருப்பது காமிரா என்று அந்தத் தாய்க்கு யார் சொன்னார்கள்?

கிழக்கே வந்தால் சிங்கப்பூர் சினிமா அதிபர் லோக் வான் தோவைச் சொல்ல வேண்டும். 1942-ல் ஜப்பானியர் சிங்கப்பூரை நெருங்கியபோது தப்பி வந்த கப்பல் குண்டுபட்டு மூழ்கி, உடம்பு வெந்து, கொஞ்ச காலம் கண் தெரியாமலே இருந்தவர். இந்தியாவுக்கு வந்து சலீம் அலியின் நட்பைப் பெற்றார். திரும்பக் கிடைத்த கண்களைக்கொண்டு பறவைகளைப் பார்த்தே தீர்த்தார். 1957-ல் அவருடைய பறவைப் படப் புத்தகம் வந்தது. 1964-ல் தைவானில் விமான விபத்தில் மாண்டார்.

நம் ஊரில் இந்தத் துறைக்கு ஒரு பெயர் சொல்லச் சொன்னால் மா. கிருஷ்ணன்தான். ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய மாதவையாவின் கடைக்குட்டி. 1912-ல் பிறந்து 1996-ல் மறைந்தவர். நாவலாசிரியர் வீட்டுப் பிள்ளை காட்டுக்குப் போய்விட்டதில் எனக்கு ஒரு தனிப் பெருமை. பல காமிராக்களின் உறுப்புகளை ஒட்டுப்போட்டுத் தாமே ஒரு பூதாகாரமான காமிராவைச் சேர்த்துக்கொண்டு, கறுப்பு வெள்ளையில் மட்டுமே படம் எடுத்தார். தமிழிலும் எழுதினார், இங்கிலீஷிலும் எழுதினார். வேடந்தாங்கல் என்றால் அவருக்கு உயிர்.

மாட்டு வயிற்றைப் பற்றி ஆரம்பித்த நான் வேடந்தாங்கலுக்கு வருவதற்குக் காரணம் இருக்கிறது. செங்கற்பட்டுச் சீமையில் உள்ள அந்த ஏரியின் பெயரிலேயே வேடன் இருக்கிறான். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் அங்கே பறவைகளைச் சுட்டபோது ஊர் ஜனங்கள் கொதித்துப்போய் முறையிட்டார்கள் என்றும், 1798-ல் கலெக்டர் பிளேஸ் துரை பறவைகளைக் காக்கும் உரிமையை ஊராருக்கு எழுதிக் கொடுத்தார் என்றும் சொல்வார்கள். சர்க்கார் அதைச் சரணாலயமாக ஏற்றது 1936-ல். அதற்கு வெகு காலம் முன்பே ஊரார் காவல் இருந்தார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு நல்ல உரம் என்பது அவர்களுக்குத் தெரியும். அன்பில் லாபமும் கலந்திருந்தால் அது நீண்ட நாள் நிலைக்கிறது.

அங்கே தண்ணீருக்குள் நிற்கும் கடப்ப மரங்களில் நாரையும் நீர்க்காகமும் வக்காவும் கூடு கட்டுகின்றன. கரையில் ஜனங்கள் கூட்டம் கூட்டமாக நடக்கிறார்கள், பலகாரம் தின்கிறார்கள், குழந்தைகள் அழுகின்றன. பறவைகள் லட்சியம் செய்வதில்லை. அங்கே படம் பிடிக்க மாடு வேண்டாம், பாறை வேண்டாம், துணிக்கூண்டும் வேண்டாம். கியர்ட்டன் சகோதரர்கள் எதற்காக அத்தனை வேஷம் போட நேர்ந்தது என்பது எனக்கு அந்தக் கரையில் நின்றபோதுதான் விளங்கியது. சீமைப் பறவைகளுக்கு மனிதனிடம் இருந்த பயம் தலைமுறை தலைமுறையாகத் துப்பாக்கி கற்றுக்கொடுத்தது. அதற்கான பிராயச்சித்தத்தை மாட்டுத் தோலுக்குள் மூச்சுத் திணற நின்று அவர்கள் செய்துவிட்டுப் போனார்கள்.

இன்றைக்குக் காமிராவுக்குத் தகடும் வேண்டாம், பிலிமும் வேண்டாம். ஒரு நிமிஷத்தில் நூறு படம். பறவை வரவில்லையா? கையிலுள்ள டெலிபோனில் அதன் இனத்தின் குரலைப் போட்டுக் காட்டுகிறார்கள். போட்டிக்காரன் வந்துவிட்டான் என்று பாவம் அது ஓடி வருகிறது. ரிச்சர்ட் காட்டுக்கோழிக்குக் குரல் கொடுத்த அதே வித்தைதான். கூட்டை மறைக்கிற கிளையை ஒடித்துவிட்டுப் படம் எடுத்துப் போகிறவர்களும் உண்டு; அப்புறம் அந்தக் குஞ்சுகளை வெயிலும் காக்கையும் பார்த்துக்கொள்ளும். நம் தேசத்து 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் வேட்டை என்றால் என்ன என்று விளக்கும் இடத்தில், கொல்வதோடு கூட முட்டையையும் கூட்டையும் கலைப்பதையும் சேர்த்தே சொல்கிறது. சட்டம் எழுதியவர்களிலும் கதாசிரியர் யாரோ இருந்திருக்க வேண்டும். பல புகைப்படப் போட்டிகளில் இப்போது கூட்டுப் படங்களை ஏற்பதில்லை. 1892-ல் எந்தப் படத்தோடு இந்தக் கலை கண் விழித்ததோ, அதே படத்துக்கு இன்று அங்கே வாசல் அடைப்பு.

சென்ற தை மாதம் நண்பர் ஒருவரின் காமிராவை இரவல் வாங்கிக்கொண்டு வேடந்தாங்கல் போயிருந்தேன். கரையில் உட்கார்ந்து வெகுநேரம் முயன்றேன். பக்கத்தில் துண்டை விரித்து உட்கார்ந்திருந்த ஊர்ப் பெரியவர் ஒருவர் என் பிரயாசையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“படம் நல்லா விழுந்துச்சுங்களா?” என்று கேட்டார்.

காட்டினேன். நீல வானமும் ஓரத்தில் ஒரு வாலும் விழுந்திருந்தன.

“இருங்க சார், அவசரம் என்ன? பொழுது சாய எல்லாம் வந்து அடையும். அதுங்க எங்கே போயிடப் போவுது?” என்றார். துண்டைச் சற்று நகர்த்தி எனக்கும் இடம் விட்டார்.