இறைச்சி ஆலைத் தொழிலாளரும் கோவிட்-19 தொற்றும்

உணவு உற்பத்தித் துறையில் கோவிட்-19 மிகக் கடுமையாகத் தாக்கிய இடங்களில் இறைச்சி ஆலைகள் முதன்மையானவை. வெட்டும் வரிசையில் தொழிலாளர்கள் தோளோடு தோள் உரச நின்று, பல மணி நேரம் உடல் வருந்த உழைக்கிறார்கள். இயந்திர இரைச்சலை மீறிப் பேசக் கத்த வேண்டும். அப்போது எச்சில் துளிகள் அதிகம் தெறிக்கின்றன. கூடத்தின் குளிர்ச்சியும், வடிகட்டப்படாமல் மீண்டும் மீண்டும் சுழலும் காற்றும் கிருமிக்குச் சாதகமானவை. ஜெர்மனி ஆலை ஒன்றில் எட்டு மீட்டருக்கு அப்பால் நின்றவர்களுக்கும் தொற்று பரவியதை ஆய்வு காட்டியது. ஆகவே இடைவெளி விட்டு நிற்பது மட்டும் போதாது.

அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில், சூ ஃபால்ஸ் நகரின் ஸ்மித்ஃபீல்டு பன்றியிறைச்சி ஆலை 2020 ஏப்ரலில் மூடப்பட்டது. அங்கே நான்கில் ஒருவருக்கு மேல் நோய் கண்டது. ஏறத்தாழ நாற்பது மொழிகள் பேசும் தொழிலாளர்களிடம் எச்சரிக்கைகளைக் கொண்டுசேர்ப்பதே பெரும் சிக்கலாயிற்று. அம்மாதம் 28ஆம் நாள், இறைச்சி ஆலைகள் தொடர்ந்து இயங்குவதற்கான ஆணையில் அதிபர் டிரம்ப் கையெழுத்திட்டார். தொழிலாளரின் உயிரைவிட இறைச்சி வரத்துக்கே அது முன்னுரிமை தந்தது. ஐந்து பெரிய நிறுவனங்களில் குறைந்தது 59,000 பேருக்குத் தொற்று ஏற்பட்டதாகவும் 269 பேர் இறந்ததாகவும் நாடாளுமன்றத் துணைக்குழு 2021 அக்டோபரில் அறிவித்தது.

ஜெர்மனியின் ரேடா-வீடன்ப்ரூக்கிலுள்ள டோனியஸ் ஆலையில் 2020 ஜூனில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு நோய் தொற்றியது. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த ஒப்பந்தத் தொழிலாளர்கள் நெரிசலான விடுதிகளில் தங்க வைக்கப்பட்டிருந்தது அப்போதுதான் பரவலாக வெளிச்சத்துக்கு வந்தது. இறைச்சி வெட்டும் வேலையை வெளி ஒப்பந்தக்காரரிடம் விடுவதை அந்நாடு 2021 ஜனவரி முதல் தடை செய்தது.