புதுக்கோட்டை மாவட்டமும் மேல்நிலைப் புவியியலும்

புதுக்கோட்டை தனி மாவட்டமானது 1974 ஜனவரி 14 அன்று. நான்கு ஆண்டுகள் கழித்து, 1978இல், தமிழ்நாட்டுப் பள்ளிகளில் மேல்நிலைக் கல்வி தொடங்கியது. அதற்கு முன் எஸ்.எஸ்.எல்.சி.யோடு பள்ளிப்படிப்பு முடிந்துவிடும். புதுமுக வகுப்புக்குக் கல்லூரிக்குத்தான் போக வேண்டும். பிளஸ் ஒன், பிளஸ் டூ வந்ததால், புவியியலை விருப்பப் பாடமாக எடுத்து இரண்டு ஆண்டு படிக்கும் வாய்ப்பு பள்ளியிலேயே கிடைத்தது.

இந்த மண்ணை ஆராய்ந்து எழுதும் வழக்கம் இங்கே அதற்கும் மூத்தது. மகாராஜா கல்லூரி முதல்வராக இருந்த ராதாகிருஷ்ண ஐயர் புதுக்கோட்டை சமஸ்தானத்தின் வரலாற்றை 1916இல் நூலாக்கினார். கே. ஆர். வெங்கடராம ஐயர் தொகுத்த சமஸ்தானக் கையேட்டின் முதல் தொகுதி 1938இல் வந்தது. நிலம், நீர், பயிர், மக்கள் ஆகியவற்றைப் பற்றிய விவரங்களுக்கு இன்றும் அதைப் புரட்டாமல் முடியாது. இதே காலத்தில் சென்னையில் ஆசிரியர் என். சுப்பிரமணியத்தின் முயற்சியால் 1926இல் தோன்றிய புவியியல் சங்கம், ஆய்விதழ் ஒன்றையும் நடத்தியது. அதுவே பின்னர் இந்தியப் புவியியல் சங்கமாயிற்று.

1948 மார்ச் 3 அன்று இந்திய ஒன்றியத்தில் இணைந்த சமஸ்தானத்துக்குக் கடற்கரை கிடையாது. தஞ்சாவூர் மாவட்டத்திலிருந்து அறந்தாங்கிப் பகுதி வந்து சேர்ந்த பிறகுதான் கோட்டைப்பட்டினமும் ஜெகதாப்பட்டினமும் மணமேல்குடியும் புதுக்கோட்டையோடு சேர்ந்தன. அதனால் பாடநூல் சொல்லும் நிலத்தோற்றங்களில் பலவற்றை ஒரே மாவட்டத்துக்குள் பார்க்க முடிகிறது. நார்த்தாமலையிலும் சித்தன்னவாசலிலும் அரிப்புக்குத் தப்பி நிற்கும் மொட்டைப் பாறைக் குன்றுகள், ஆலங்குடிப் பக்கம் செம்மண், கிழக்கே பாக் நீரிணைக் கடற்கரை. மழை பெய்தால் மட்டும் ஓடும் வெள்ளாறு ஒருபுறம். மேட்டூர்த் திட்டத்தோடு வெட்டப்பட்ட கல்லணைக் கால்வாயின் கடைமடை மறுபுறம். அந்தக் கால்வாய் மும்பாலை ஏரியில் வந்து முடிகிறது.

இவற்றை ஒரே தாளில் வாசிக்கக் கற்றுத்தருவது நிலவரைபடம். செய்முறைப் பாடத்தின் உயிர் அதுதான். இந்திய நில அளவைத் துறையின் பழைய எண் முறையில் புதுக்கோட்டை நகரம் 58 ஜே/15 தாளில் வருகிறது. 1:50,000 அளவை என்பதால் தாளில் 2 செ.மீ. தரையில் ஒரு கிலோமீட்டர். பழுப்புக் கோடுகள் சமஉயரக் கோடுகள். சிவப்பு ஊரும் சாலையும். மஞ்சள் சாகுபடி நிலம். இந்தப் பகுதியில் முதலில் கண்ணில் படுபவை கண்மாய்க் கரைகள். சரிவின் குறுக்கே வில்லாக வளைந்த ஒரு கரை, அதற்குக் கீழே இன்னொன்று, அதற்கும் கீழே வேறொன்று. மேல் கண்மாய் நிறைந்து கலிங்கு வழிந்தால் கீழ்க் கண்மாய்க்குத் தண்ணீர் போகும். சமஉயரக் கோடுகளோடு ஒப்பிட்டுப் பார்க்கும் மாணவருக்கு, முன்னோர் சரிவறிந்து வெட்டிய நுட்பம் ஒரே பார்வையில் விளங்கிவிடும்.

வருந்தத்தக்கது என்னவென்றால், இந்தத் தாளைத்தான் உள்ளூர் மாணவரால் முன்பு எளிதில் பார்க்க முடியவில்லை. கடற்கரையிலிருந்து சுமார் 80 கி.மீ. வரையுள்ள பகுதிகளின் வரைபடங்கள் பாதுகாப்புக் காரணத்தால் நெடுங்காலம் கட்டுப்பாட்டில் இருந்தன. புதுக்கோட்டை நகரமும் மாவட்டத்தின் பெரும்பகுதியும் அந்த எல்லைக்குள் அடங்கும். 2005ஆம் ஆண்டின் தேசிய வரைபடக் கொள்கை பொதுமக்களுக்கெனத் தனி வரிசைத் தாள்களைக் கொண்டுவந்தது; 2021இல் வந்த வழிகாட்டுதல்கள் தடைகளை மேலும் தளர்த்தின.

பாடத்திட்டமும் மாறியது. பதினொன்றாம் வகுப்புக்கு 2018இலும் பன்னிரண்டாம் வகுப்புக்கு 2019இலும் புதிய நூல்கள் வந்தன. முதலாண்டில் பாறைக்கோளம், நீர்க்கோளம், வளிமண்டலம் என இயற்கைப் புவியியல். அடுத்த ஆண்டில் மக்கள்தொகை, குடியிருப்பு, வளங்கள், புவித்தகவலியல். பேரிடர் பற்றிய பாடமும் உண்டு. 2018 நவம்பரிலேயே கஜா புயல் இந்த மாவட்டத்துத் தென்னைகளைச் சாய்த்தது. அதைக் கண்ட மாணவருக்கு அந்தப் பாடத்தை மனப்பாடம் செய்ய வேண்டிய தேவையே இருந்திருக்காது.

புவியியல் பெரும்பாலும் கலைப்பிரிவு மாணவர்களின் பாடமாகவே இருந்துவருகிறது. மதிப்பெண்ணுக்காக மட்டும் படிக்கப்படும் பாடமாக அதை ஒதுக்குவது தவறு. கண்மாயும் கடலும் குன்றும் இவ்வளவு அருகருகே உள்ள மாவட்டத்தில், ஒவ்வொரு மேல்நிலைப் பள்ளியும் தன் ஊர் அடங்கிய நிலவரைபடத் தாளை வாங்கி வகுப்பறைச் சுவரில் மாட்ட வேண்டும்.