நரம்புத் தளர்ச்சியும் பாஸ்டன் பாதிரியாரும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்க தேசத்தின் கிழக்குக் கரை நகரங்களில், நன்றாக உண்டு, வசதியாக உடுத்து, பார்வைக்கு ஒரு குறையும் இல்லாதவர்களாகத் தோன்றிய மனிதர்கள் பலர், காரணம் சொல்லத் தெரியாத ஒரு திகிலுக்கு ஆட்பட்டு, இரவில் உறக்கமின்றியும் பகலில் நெஞ்சுப் படபடப்போடும் வைத்தியர் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். நியூயார்க் நகரத்து நரம்பு வைத்தியர் ஜார்ஜ் பியர்ட் 1869-ல் அவர்களுடைய நோய்க்கு ஒரு பெயர் சூட்டினார். நம் ஊர்ச் சுவர்களிலும் பத்திரிகை விளம்பரங்களிலும் வெகுகாலம் அடிபட்டு வந்த 'நரம்புத் தளர்ச்சி' அந்த வம்சத்தில் வந்ததுதான். மனிதனுடைய நரம்பில் ஓடும் சக்தி ஓர் அளவுக்கு உட்பட்டது என்றும், நீராவி இயந்திரம், தந்தி, பத்திரிகை, விஞ்ஞானம், பெண்கள் மூளையால் உழைக்கத் தொடங்கியது ஆகிய ஐந்தும் சேர்ந்து அதை உறிஞ்சிவிட்டன என்றும் 1881-ல் அவர் ஒரு புத்தகமே எழுதினார். ஒவ்வொரு தலைமுறையும் தன் கவலைக்குத் தன் காலத்து இயந்திரத்தைக் குற்றம் சாட்டுவது வழக்கந்தான். பெண்களையும் அந்த வரிசையில் சேர்த்தது பியர்டின் சொந்தச் சரக்கு.

பிலடெல்பியாவில் ஸைலஸ் வெயர் மிட்செல் என்ற கீர்த்தி பெற்ற வைத்தியர் இதற்கு ஒரு சிகிச்சை வகுத்தார். நோயாளியை வீட்டிலிருந்தும் உற்றாரிடமிருந்தும் பிரித்து, ஆறு வாரம் எட்டு வாரம் என்று கட்டிலில் கிடத்தி, படிப்பு, எழுத்து, தையல் எதற்கும் இடங்கொடாமல், பாலைப் புகட்டி, அசையாத தசைகளுக்குப் பிடித்துவிடுதலும் மின்சாரமும் கொடுத்து, உடம்பு பருத்தால் நரம்பும் தேறும் என்ற நம்பிக்கையோடு காத்திருப்பது அந்த முறை. ஆண்களானால் மேற்குச் சீமைக்குப் போய்க் குதிரை ஏறும்படி அனுப்புவதும் உண்டு; படுக்கை பெரும்பாலும் பெண்களுக்கு. 1887-ல் அவரிடம் போன சார்லட் பெர்கின்ஸ் கில்மன் என்ற மாதுக்கு, சிகிச்சை முடிந்து வீடு திரும்பும்போது கிடைத்த உத்தரவு, குடும்ப காரியங்களிலேயே காலம் கழிக்க வேண்டும், அறிவுக்கு வேலை நாளுக்கு இரண்டு மணி நேரத்துக்குமேல் கூடாது, ஆயுள் உள்ளவரை பேனாவைத் தொடக்கூடாது என்பது. அந்த அம்மையார் சில மாதங்கள் அதற்குக் கீழ்ப்படிந்து, சித்தம் பேதலிக்கும் விளிம்பு வரைக்கும் சென்று, பிறகு உத்தரவை உதறிவிட்டுப் பேனாவை எடுத்தார். 1892-ல் வெளிவந்த 'மஞ்சள் சுவர்த்தாள்' என்ற அவருடைய சிறுகதை அந்த விளிம்பிலிருந்து பிறந்தது. மிட்செலைக் கொடியவர் என்று சொல்வதற்கில்லை. உள்நாட்டுப் போரில் குண்டடிபட்ட சிப்பாய்களின் நரம்புகளை அவர் ஆராய்ந்த சிரத்தையை இன்றும் வைத்திய சாஸ்திரம் போற்றுகிறது. ஆயினும் ஊட்டுவதற்கும் பிடித்துவிடுவதற்கும் வேளை குறித்த அந்தச் சிகிச்சையில், கட்டிலில் கிடந்தவர் வாய்திறந்து பேசுவதற்கு ஒரு வேளை குறிக்கப்படவில்லை.

பேச இடமில்லாத அந்தக் குறை கல்வியில் சிறந்தவர்களையும் விடவில்லை. பாஸ்டனுக்கு ஆற்றின் அக்கரையில் இருந்த ஹார்வர்டு சர்வகலாசாலையில் மனோதத்துவத்துக்கே ஆசாரியராக விளங்கிய வில்லியம் ஜேம்ஸ், தம் இளமையில் ஓர் அந்தி வேளையில் இருண்ட அறை ஒன்றுக்குள் ஏதோ எடுக்கப் போனபோது, தாம் உயிரோடு இருப்பதைப் பற்றியே ஒரு பெரும்பயம் அவரைத் திடீரென்று பற்றிக்கொண்டது; மனநோய் விடுதியில் முன்பு கண்ட ஓர் இளைஞனின் உருவம் உடனே மனத்தில் எழுந்து, அந்தக் கதி தமக்கும் நேரக்கூடும் என்ற எண்ணம் நெஞ்சில் உறைந்துபோயிற்று. அதன் பிறகு பல மாதங்கள் இருட்டில் தனியே வெளியே போக அவரால் இயலவில்லை. எப்போதும் மலர்ந்த முகத்தோடு இருந்த தாயாரின் நிம்மதியைக் குலைக்கலாகாது என்று அவரிடமும் வாய் திறக்கவில்லை. 1901-லும் 1902-லும் எடின்பரோவில் சமய அனுபவங்களைப் பற்றிச் செய்த சொற்பொழிவுகளில் இந்தச் சம்பவத்தைச் சேர்த்தபோதுகூட, பிரெஞ்சுக்காரர் ஒருவர் எழுதி அனுப்பிய அனுபவமாக அதற்கு வேஷமிட்டார். நூலைப் பிரெஞ்சில் பெயர்த்தவரிடந்தான் அது தம்முடைய கதையே என்று பிற்பாடு ஒப்புக்கொண்டார். உலகத்தின் மனோதத்துவ நிபுணர்களில் முதல் வரிசையில் இருந்தவருக்கே தம் பயத்தைத் தம் பெயரில் சொல்ல ஓர் இடம் அகப்படவில்லையென்றால், கடை குமாஸ்தாவும் பள்ளிக்கூட உபாத்தியாயினியும் எங்கே போவார்கள்?

அவர்களுக்குக் கதவைத் திறந்தது ஒரு கோயில். எல்வுட் வூஸ்டர் என்ற பாதிரியார், ஜெர்மனியில் லைப்சிக் சர்வகலாசாலையில், மனோதத்துவத்துக்குச் சோதனைக்கூடம் அமைத்த வுண்ட் போதித்த காலத்தில் படித்துப் பட்டம் பெற்றவர். பின்னர் பிலடெல்பியாவில் அவர் குருத்துவம் செய்த கோயிலுக்கு வழிபட வந்த சபையாருள் மேற்சொன்ன மிட்செலும் ஒருவர். இருவரும் சிநேகிதர்கள் ஆனார்கள். வைத்தியனும் குருவும் ஒரே மனிதனைத் தனித்தனியே பங்கு போட்டுக்கொள்ளாமல் சேர்ந்து கவனித்தால் என்ன என்ற யோசனை அந்தச் சிநேகத்தில் முளைத்தது. 1904-ல் வூஸ்டர் பாஸ்டன் நியூபெரி வீதியிலுள்ள இம்மானுவேல் கோயிலுக்கு மாற்றலாகி வந்தபோது அந்த யோசனையையும் கொண்டுவந்தார்.

முதலில் அவர் தொட்டது பயத்தை அல்ல, க்ஷயரோகத்தை. மலைக்காற்று வாங்கும் விடுதிகளுக்குச் செல்லப் பணமில்லாத ஏழை க்ஷயரோகிகளை, ஜோசப் பிராட் என்ற இளம் வைத்தியர் 1905-ல் ஒரு வகுப்பாகக் கூட்டி வாரந்தோறும் சந்திக்கத் தொடங்கியபோது அதற்குப் பொருளுதவி செய்தது இம்மானுவேல் கோயில்தான். வீட்டிலேயே ஜன்னலைத் திறந்து வைத்துப் படுக்கவும், உணவையும் உடற்சூட்டையும் நாள்தோறும் ஒரு குறிப்புப் புத்தகத்தில் எழுதவும் நோயாளிகள் பழக்கப்பட்டார்கள். சுகாதார போதனைக்கென்று கூட்டிய அந்த வகுப்பில், யூதரும் கத்தோலிக்கரும், கறுப்பரும் வெள்ளையரும், ஒரே நோய் என்ற உறவினால் ஒருவருக்கொருவர் தைரியம் சொல்லிக்கொண்டதையும், தேறியவரைக் கண்ட மாத்திரத்தில் புதிதாக வந்தவரின் முகம் மாறியதையும் பிராட் கவனித்தார்.

1906-ஆம் ஆண்டு நவம்பரில், நரம்புக் கோளாறு உள்ளவர்கள் வந்து பார்க்கலாம் என்று கோயிலில் அறிவித்த மறுநாள் காலை, ஏறக்குறைய இருநூறு பேர் வந்து காத்திருந்தார்கள். வூஸ்டருக்குத் துணையாக ஸாமுவேல் மக்கோம் என்ற பாதிரியாரும், ஐஸடோர் கோரியட் என்ற வைத்தியரும் இருந்தனர். வந்தவர்களை வைத்தியர்கள் முதலில் பரிசோதித்து, அவயவக் கேடு உள்ளவர்களையும் முற்றிய சித்தப்பிரமை உள்ளவர்களையும் விலக்கி, கவலை, அச்சம், உறக்கமின்மை, குடிப்பழக்கம் ஆகியவற்றால் வருந்துகிறவர்களை மட்டும் பாதிரியாரிடம் அனுப்பினார்கள். அவருடைய அறையில் கணப்பருகே சாய்வு நாற்காலி ஒன்று இருந்தது. வந்தவர் அதில் அமர்ந்து தம் கதையைச் சொல்லி முடித்த பிறகு, கை, கால், கழுத்து என்று அங்கம் அங்கமாக உடம்பைத் தளர விடச் சொல்லி, மூச்சு சீராகும் வரை காத்திருந்து, தாழ்ந்த குரலில், இன்றிரவு நன்றாக உறக்கம் வரும், இந்தப் பயம் விலகிவிடும் என்று அவர் திரும்பத் திரும்பச் சொல்லுவார். கருத்தேற்றம் என்று பெயர் பெற்ற இந்த முறை பிரான்ஸ் தேசத்து நான்ஸி நகரத்து வைத்தியர்களிடமிருந்து வந்தது.

புதன்கிழமை மாலைகளில் எல்லோருக்குமாக ஒரு கூட்டம். ஒரு கீதம், ஒரு ஜபம், பின்பு கோபத்தைப் பற்றியோ கவலையைப் பற்றியோ உறக்கத்தைப் பற்றியோ அரைமணிப் பிரசங்கம். அது முடிந்ததும் கீழ்க்கூடத்தில் சிற்றுண்டியும் சம்பாஷணையும். வேறு சமயத்தாருக்கும் அங்கே தடையில்லை, கட்டணமும் இல்லை.

இங்கே என் அபிப்பிராயம் ஒன்றைச் சொல்ல வேண்டும். வூஸ்டர் தம் முறையின் உயிர்நிலை என்று கருதியது கருத்தேற்றத்தை. அதற்கு அவ்வளவு பெருமை உண்டா என்பது சந்தேகம். பயப்படாதே என்று தாயும் சொல்லுகிறாள், அண்டை வீட்டுக்காரரும் சொல்லுகிறார். அதையே தளர்ந்த உடம்பின்மேல் இதமான குரலில் சொன்னால் அன்றிரவுக்குப் பலிக்கலாம், அடுத்த மாதத்துக்குப் பலிக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. கவலை நோயின் இயல்பே, ஆறுதல் கிடைத்தவுடன் அடங்கி, அந்த ஆறுதல் பழசானதும் புதிய ஆறுதலைத் தேடி அலைவது. இதயம் நின்றுவிடுமோ என்று அஞ்சுகிறவரிடம் வைத்தியர் நாடி பார்த்து ஒன்றுமில்லை என்று சொன்னால், வாசற்படி இறங்குவதற்குள் அவர் சரியாகப் பார்த்தாரோ இல்லையோ என்ற ஐயம் எழுந்துவிடும். அவ்வாறாயின் இம்மானுவேல் கோயிலில் தேறியவர்களைத் தேற்றியது எது? கருத்தேற்றத்துக்கு முன்னால், வந்தவர் தம் கதையைச் சொல்லிக் கழிந்த அந்த நேரம் என்றே நினைக்கிறேன். மனத்துக்குள் செக்குமாடுபோல் சுற்றிவந்த பயத்தை இன்னொருவர் காதில் விழும்படி சொல்லத் தொடங்கினால், எப்போது தொடங்கிற்று, எங்கே எழுகிறது, அதற்கு அஞ்சி எதையெல்லாம் தவிர்த்தோம் என்று ஒரு வரிசை வேண்டியிருக்கிறது. அந்த வரிசை அமையும்போதே, எல்லையற்றதாகத் தோன்றியது அளவுக்கு அடங்கிய ஒன்றாகிறது. அடுத்த வாரமும் அதே நாற்காலி காத்திருக்கும் என்ற நிச்சயமும், புதன்கிழமைக் கூடத்தில் தம்மைப் போன்றவர் பலரைக் கண்டு, இது தமக்கு மட்டும் நேர்ந்த அவமானம் அன்று என்று கண்கூடாக அறிந்ததும், சாதாரண உபகாரம் அல்ல.

இம்மானுவேல் கோயிலில் தொடங்கிய இந்த இயக்கம் காட்டுத்தீயாகப் பரவிற்று. 1908-ல் வூஸ்டர், மக்கோம், கோரியட் மூவரும் சேர்ந்து எழுதிய 'சமயமும் வைத்தியமும்' என்ற நூல் ஏராளமாக விற்பனையாயிற்று. பல நகரங்களில் பாதிரிமார், பரிசோதிக்க வைத்தியர் இருந்தும் இல்லாமலும், கடை திறந்தார்கள். வைத்திய உலகம் சீறிற்று. ஆரம்பத்தில் ஆதரவு தந்த ஜேம்ஸ் ஜாக்ஸன் புட்னம் என்ற நரம்பு வைத்தியரே விலகிக்கொண்டார். சொந்த வைத்தியரின் சம்மதமில்லாமல் எவரையும் ஏற்பதில்லை என்று 1909-ல் வூஸ்டர் விதி செய்துகொள்ள நேர்ந்தது. அதே ஆண்டு செப்டம்பரில், பாஸ்டனுக்கு மேற்கே வூஸ்டர் என்ற ஊரிலிருந்த கிளார்க் சர்வகலாசாலைக்கு (ஊருக்கும் பாதிரியாருக்கும் பெயர் ஒன்றே தவிர வேறு சம்பந்தமில்லை) வியன்னாவிலிருந்து ஸிக்மண்ட் ப்ராய்ட் வந்து ஐந்து சொற்பொழிவுகள் செய்தார். பாஸ்டன் பத்திரிகை நிருபர் ஒருவர் இம்மானுவேல் இயக்கத்தைப் பற்றிக் கேட்டபோது, வைத்தியப் பயிற்சி இல்லாதவர்கள் இதில் கைவைப்பதை ப்ராய்ட் சிலாகிக்கவில்லை. வைத்தியர் அல்லாதவரும் மனப்பகுப்பு என்ற தம் சிகிச்சையைச் செய்யலாமா என்ற வழக்கு தம் சீடர் ஒருவரைச் சுற்றி எழுந்தபோது, செய்யலாம் என்று 1926-ல் ஒரு புத்தகமே எழுதி வாதாடியவரும் அதே ப்ராய்ட்தான். கோரியட்டோ சில ஆண்டுகளுக்குள் ப்ராய்டின் மார்க்கத்துக்கு மாறி, பாஸ்டனில் அதன் முன்னோடிகளுள் ஒருவரானார்.

ஆரவாரம் அடங்கிய பிறகும் கோயிலில் வேலை நடந்துகொண்டிருந்தது. குடியினால் கெட்டு வூஸ்டரிடம் வந்து திருந்திய கோர்ட்னி பெய்லர் என்பவர், சிறிது காலத்துக்குள் அங்கேயே சம்பளம் பெறும் ஆலோசகராக அமர்ந்தார். பட்டமில்லாதவர், வைத்தியருமில்லை, பாதிரியாருமில்லை. துன்பத்தை அனுபவித்துத் தேறியவர் என்பது ஒன்றே அவருக்கு யோக்கியதாபத்திரம். குடிக்குக் கீழே எப்போதும் ஓர் இறுக்கமும் பயமும் இருக்கக் கண்டு, அதைத் தளர்த்தும் வழியை 1919-ல் ஒரு சிறு நூலாக எழுதினார்.

கேட்பது மட்டும் போதும் என்று சொன்னால் அதுவும் அரைகுறை உண்மையே. 1920-களின் தொடக்கத்தில் நியூயார்க்கில் மேரி கவர் ஜோன்ஸ் என்ற மனோதத்துவப் பெண்மணி, முயலைக் கண்டால் நடுங்கிய பீட்டர் என்னும் மூன்று வயது நிரம்பாத குழந்தைக்குப் பிரியமான தின்பண்டம் கொடுத்துக்கொண்டே, கூண்டு முயலை நாளுக்கு நாள் சிறிது சிறிதாக அருகில் கொண்டுவந்து, கடைசியில் குழந்தையே அதைத் தடவிக்கொடுக்கும்படி செய்தார். அஞ்சியதைத் தவிர்க்கத் தவிர்க்க அச்சம் வளரும், அளவோடு நெருங்க நெருங்கத் தேயும் என்ற இந்த உண்மை, ஜோஸப் வோல்ப் என்ற தென்னாப்பிரிக்க வைத்தியர் 1958-ல் எழுதிய நூலுக்குப் பிறகே சிகிச்சை முறையாக நிலைபெற்றது. இன்றைக்குக் கவலை நோய்க்கு ஆலோசனை சொல்லுகிறவர், கதையைக் கேட்டு முடித்ததும், பஸ்ஸில் ஏற அஞ்சுகிறவரை முதலில் பஸ் நிற்கும் இடம் வரை போய் நின்று வரச் சொல்லுவது இந்த வழியில்தான்.

பிராட்டையும் மறந்துவிடக்கூடாது. க்ஷயரோக வகுப்புத் தொடங்கி இருபத்தைந்து ஆண்டு கழித்து, 1930-ல், பாஸ்டன் தர்ம வைத்தியசாலைக்கு வருகிறவர்களில் எத்தனையோ பேருக்கு உடம்பில் ஒரு கேடும் இல்லாமலே படபடப்பும் தலைவலியும் வயிற்று உபாதையும் இருப்பதைக் கண்டு, அவர்களுக்கென்று மறுபடி ஒரு வகுப்புத் திறந்தார். எண்ணத்தை அடக்கும் வகுப்பு என்று அதற்குப் பெயர். உடம்பைத் தளர விடும் பயிற்சி, ஒரு சிறு போதனை, தேறியவர்களின் அனுபவ வாக்கு என்று அது நடந்தது. புதன்கிழமைக் கூட்டமே கோயிலை விட்டு வைத்தியசாலைக்குக் குடிபெயர்ந்ததுபோல் இருந்தது.

கேட்பதைக் கருத்தேற்றத்திலிருந்து பிரித்துத் தனியே ஒரு தொழிலாக நிறுத்தியவர் கார்ல் ரோஜர்ஸ். அவரும் முதலில் பாதிரிமார் படிப்புக்குச் சேர்ந்து, நடுவில் மனோதத்துவத்துக்கு மாறியவர். ராச்செஸ்டர் நகரத்தில் குழந்தைகளுக்கான நிலையமொன்றில் வேலை பார்த்த காலத்தில், அடங்காத பிள்ளை ஒருவனின் தாயாரிடம், கோளாறுக்கு மூலம் தாய் தொடக்கத்தில் காட்டிய வெறுப்பே என்று தாம் கண்டதை வாரக்கணக்கில் பொறுமையாக எடுத்துச் சொல்லிப் பார்த்தார்; பலிக்கவில்லை. இருவரும் முயன்றோம், முடியவில்லை, நிறுத்திக்கொள்வோம் என்று அவர் சொல்ல, அம்மாளும் ஒப்புக்கொண்டு எழுந்து, வாசல் வரை போய்த் திரும்பி நின்று, இங்கே பெரியவர்களுக்கும் ஆலோசனை உண்டா என்று கேட்டு, மறுபடி வந்து உட்கார்ந்து, தம் இல்வாழ்க்கையின் துயரத்தைக் கொட்டத் தொடங்கினார். அதுவரை எழுதி வைத்திருந்த குறிப்புகளில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

1942-ல் ரோஜர்ஸ் வெளியிட்ட நூலில், ஒரு மனிதர் ஆலோசகரோடு நடத்திய எட்டுச் சந்திப்புகளும் இசைத்தட்டில் பதிவு செய்யப்பட்டு, முதற்சொல் முதல் கடைசிச் சொல் வரை அச்சாகியிருந்தன. அப்படியொரு பதிப்பு அதற்கு முன் வெளிவந்ததில்லை. ஒஹையோ ஸ்டேட் சர்வகலாசாலையில் அவரிடம் பயின்ற மாணவர்கள், தாங்கள் நடத்திய சந்திப்புகளின் தட்டுகளைப் போட்டுக் கேட்டபோது, வந்தவருக்குக் காது கொடுத்ததாக எண்ணியிருந்த நேரத்தில் பலமுறை தாங்களே வழிகாட்டிப் பேசியிருந்ததைக் கண்டு திகைத்தார்கள்.