பேரேட்டை எழுதியவர் மௌனம் காத்தால்

சென்ற ஆண்டு ஒரு சிறு கடனுக்கு விண்ணப்பித்தபோது, என் கடன் தகவல் அறிக்கையில் நான் ஒருபோதும் வாங்கியிராத கடன் அட்டை ஒன்றின் பாக்கியைக் கண்டேன். தொகை ₹14,000க்குச் சற்று மேல். கணக்கு ‘தள்ளுபடி’ செய்யப்பட்டு வசூலுக்கு விடப்பட்டிருந்தது. தள்ளுபடி என்றதும் கடன் மன்னிக்கப்பட்டது என்று பலர் எண்ணுகின்றனர். வங்கி தன் ஏட்டில் அதை வாராக் கணக்காக எழுதிக்கொண்டது என்பது மட்டுமே அதன் பொருள். கடனாளியின் மீதான கோரிக்கை அப்படியே நிற்கும். என் பெயரும் முதலெழுத்தும் பிறந்த ஆண்டும் கொண்ட வேறொருவருடைய கணக்கு அது. தந்தை பெயரை ஓர் எழுத்தாகச் சுருக்கிச் சுமக்கும் நமக்கு இத்தகைய குழப்பம் புதிதன்று.

நீக்கக் கோரி மனுச் செய்தேன். கடன் கொடுத்த நிறுவனம் உறுதிப்படுத்தாததால் பதிவை மாற்ற இயலாது என்று பதில் வந்தது. அந்நிறுவனம் என் கூற்றை மறுக்கவில்லை, பதிலே சொல்லவில்லை. அந்த மௌனம் எனக்கு எதிரான சாட்சியமாக ஆகிவிட்டது. அப்போது நான் படித்துக்கொண்டிருந்தது 1875ஆம் ஆண்டின் தக்காணக் கலவரங்கள் பற்றிய ஆவணங்களை. இரண்டும் ஒரே கேள்வியைப் பற்றியவை என்பது சில நாள் கழித்தே உறைத்தது.

1875 மே 12 அன்று புணே மாவட்டத்தின் சூபா என்னும் சந்தை ஊரில் குடியானவர்கள் திரண்டு லேவாதேவிக்காரர்களின் கடைகளை முற்றுகையிட்டனர். தானியம் சூறையாடப்பட்டது, சில வீடுகளுக்குத் தீ வைக்கப்பட்டது. ஆயினும் கலகக்காரர்கள் முதலில் கேட்டவை கணக்கேடுகளும் கடன் பத்திரங்களுமே. கைக்குக் கிடைத்தவற்றைத் தெருவில் போட்டு எரித்தனர். கலவரம் அகமதுநகர் மாவட்டத்திற்கும் பரவியது. எழுதப்படிக்கத் தெரியாத மக்களின் அறியாமை என்று இதைக் கொள்வது பெரும் பிழை. ஏடு என்ன செய்யும் என்பதை அவர்களைவிட நன்கு அறிந்தவர் எவருமில்லை. 1859ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டம் கடன் பத்திரத்துக்கு மூன்றாண்டு ஆயுளை விதித்தது. வட்டி குவியாமல் தடுப்பதே நோக்கம். நடந்ததோ வேறு: மூன்றாண்டு முடிவதற்குள் சாவுகார் புதிய பத்திரம் எழுதி வாங்குவார், பழைய அசலும் தீராத வட்டியும் சேர்ந்து புதிய அசலாகும். கட்டிய தொகைக்கு ரசீது கிடையாது. வாங்காத தொகை ஏட்டில் ஏறும். நீதிமன்றத்தில் கைந்நாட்டு வைத்த பத்திரத்தின் முன் குடியானவனின் வாய்ச்சொல் நிற்காது.

இதன் பின் வந்த 1879ஆம் ஆண்டின் தக்காண விவசாயிகள் நிவாரணச் சட்டம், புணே, சதாரா, சோலாப்பூர், அகமதுநகர் ஆகிய நான்கு மாவட்டங்களுக்கென இயற்றப்பட்டது. பத்திரத்தில் கண்ட தொகையோடு நின்றுவிடாமல், கொடுக்கல் வாங்கலின் தொடக்கம் முதல் முழு வரலாற்றையும் நீதிமன்றமே விசாரிக்கவேண்டும் என்று அது பணித்தது. ரசீது தரவேண்டும், ஆண்டுக் கணக்கு தரவேண்டும், கேட்டால் கடனாளிக்கெனக் கைப்புத்தகம் எழுதித் தரவேண்டும் என்றும் விதித்தது. சட்டம் நடைமுறையில் எவ்வளவு காத்தது என்பதில் வரலாற்றாசிரியர்களுக்குள் கருத்து வேற்றுமை உண்டு. நான் இங்குக் கவனிப்பது அதன் தர்க்கத்தை மட்டும்.

அந்தத் தர்க்கம் 1879இல் பிறந்ததுமன்று. 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம், 34ஆம் பிரிவில், முறையாக எழுதப்பட்ட கணக்கேட்டுப் பதிவுகள் சாட்சியமாக ஏற்கத்தக்கவை என்றது; ஆனால் அவற்றை மட்டும் கொண்டு ஒருவர்மீது கடப்பாட்டைச் சுமத்த முடியாது என்றும் சேர்த்தே சொன்னது. ஆயிரம் ரூபாய் கேட்டு வழக்கிடுபவர் தம் கணக்கேட்டைக் காட்டினால் போதாது, வேறு சாட்சியமும் வேண்டும் என்பது சட்டமே தரும் எடுத்துக்காட்டு. தனக்குச் சேரவேண்டியதைத் தானே எழுதிக்கொள்பவரின் ஏடு தன்னந்தனியாகப் பேசலாகாது என்ற இவ்விதி, 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்திலும் தொடர்கிறது.

இனி நம் காலத்துக்கு வருவோம். சிபில் நிறுவனம் 2000இல் தோன்றியது. கடன் தகவல் நிறுவனங்கள் (ஒழுங்குமுறை) சட்டம் 2005இல் இயற்றப்பட்டு 2006 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதன் 21ஆம் பிரிவு, தன்னைப் பற்றிய தகவலைத் திருத்தக் கோரும் உரிமையைக் கடனாளிக்கு அளிக்கிறது. 30 நாளுக்குள் நடவடிக்கை வேண்டும் என்கிறது. உரிமையைத் தந்த அதே பிரிவின் காப்புரைகளை நான் மூன்று முறை படித்தேன். திருத்தமோ நீக்கமோ சரியானது என்று கடன் கொடுத்த நிறுவனம் சான்றளித்த பின்னரே தகவல் நிறுவனம் அதைச் செய்யலாம். விவகாரம் நீதிமன்றத்திலோ தீர்ப்பாயத்திலோ நிலுவையில் இருந்தால் திருத்தமே கூடாது. அதுவரை கடன் கொடுத்தவரின் ஏட்டில் உள்ளதே கணக்கில் கொள்ளப்படும். வழக்காடத் துணிந்தவனுக்கு, வழக்கு முடியும்வரை எதிராளியின் பேரேடே வரலாறு. 1872இல் தனித்து நிற்க அனுமதிக்கப்படாத ஏடு, இங்கே தனித்து நிற்கிறது.

அமெரிக்காவில் 1970இல் இயற்றப்பட்ட நியாயமான கடன் அறிக்கைச் சட்டம் இதற்கு நேர்மாறான வழியில் சென்றது. மறுவிசாரணையில் ஒரு பதிவு பிழையென்று தெரிந்தாலும் சரி, சரியென்று உறுதிசெய்ய இயலாமல் போனாலும் சரி, அதை நீக்கவேண்டும். அங்கே கடன் கொடுத்தவர் மௌனம் காத்தால் பதிவு விழுகிறது, இங்கே நிற்கிறது. இந்திய ஏற்பாட்டுக்கும் நியாயம் சொல்லலாம்: உண்மையான கடனாளிகள் மனுமேல் மனுப் போட்டு வரலாற்றை அழித்துவிடுவார்கள் என்ற அச்சம் வெறும் கற்பனையன்று. ஆனால் அந்த அச்சத்தின் விலையை யார் தருவது?

இதை வங்கிகளின் உள்விவகாரம் என்று ஒதுக்க முடியாது. கடன் அறிக்கையில் பாதகமான பதிவுகள் இருந்ததைக் காரணம் காட்டிப் பொதுத்துறை வங்கியொன்று ஒருவரின் பணி நியமனத்தை ரத்துசெய்ததை, 2025இல் சென்னை உயர் நீதிமன்றம் ஏற்றது. வேலை தேடும் ஆய்வு மாணவர்கள் தத்தம் அறிக்கையை ஒருமுறையேனும் பார்த்துவிடுவது நல்லது. ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனமும் ஆண்டுக்கொரு முழு அறிக்கையை இலவசமாகத் தரவேண்டும்.

ரிசர்வ் வங்கி 2023 அக்டோபரில் வெளியிட்ட ஏற்பாடு, காப்புரையைத் தொடாமல் தாமதத்துக்கு விலை வைத்தது. 30 நாளுக்குள் புகார் தீராவிட்டால் அதன்பின் நாளொன்றுக்கு ₹100 இழப்பீடு. இதில் கடன் கொடுத்த நிறுவனத்துக்கு உரியவை 21 நாள்கள். எவர் தாமதித்தாரோ அவர் தரவேண்டும். அனுபவத்தில் சொல்கிறேன்: தகவல் நிறுவனத்துக்கு மட்டும் எழுதிக் காத்திருந்து நாள்களை வீணாக்கவேண்டாம். அதே நாளில் கடன் கொடுத்த நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கும் எழுதுங்கள். அந்தக் கணக்கு தொடங்கப்பட்டபோது பெறப்பட்ட விண்ணப்பத்தையும் அடையாளச் சான்றையும் காட்டச் சொல்லுங்கள். 1879இன் நீதிபதி கேட்டிருக்கக்கூடிய கேள்வி அதுவே. தீராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் செல்லலாம்; 2022 செப்டம்பர் முதல் தகவல் நிறுவனங்களும் அவர் வரம்புக்குள் வந்துவிட்டன.

விண்ணப்பத்தைக் காட்டச் சொன்ன பிறகுதான் என் விஷயத்தில் மௌனம் கலைந்தது. விண்ணப்பத்தில் இருந்த நிழற்படம் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவருடையது. பிறந்த ஆண்டைப் பதிந்தவரின் கை தவறியிருக்கிறது. 47ஆம் நாள் பதிவு நீங்கியது. பதினேழு நாளுக்கான ₹1,700 என் வங்கிக் கணக்கில் வந்து சேர்ந்தது. இரண்டு மாதம் கழித்து அதே பாக்கி அறிக்கையில் மீண்டும் தோன்றியது: தகவல் நிறுவனத்தின் பிரதியைத் திருத்தியவர்கள், மூல ஏட்டைத் திருத்த மறந்திருந்தார்கள். இரண்டாம் மனு இப்போது பன்னிரண்டாம் நாளில் இருக்கிறது.